எல்லையோரத் தமிழ் மாணவர்களுக்கு உதவித்தொகை, ஆராய்ச்சி, கல்லூரி உதவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தில் பாலக்காட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளும், இடுக்கி மலையில் உள்ள மூணாறு, பூப்பாறை, வண்டிப்பெரியார் எஸ்டேட் பிள்ளைகளும் கல்லூரியில் சேரும் சமயத்தில் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். தொகையும் வருமான வரம்பும் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காலர்ஷிப்னா எங்க போய் அப்ளை பண்ணணும்? எல்லாம் ஒரே இடம்தானா?

இல்லை. கேரளத்தில் படிப்பவர்களுக்கு முக்கியமாக மூன்று வாசல்கள். மத்திய அரசின் திட்டங்கள் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இருக்கும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., ஓ.இ.சி. (பிற தகுதியுள்ள சமூகங்கள்) மாணவர்களுக்கு மாநில அரசு வழியாக வருவது 'இ-கிராண்ட்ஸ்'. மெரிட் ஸ்காலர்ஷிப், சுவர்ண ஜூபிலி மெரிட் ஸ்காலர்ஷிப் போன்றவை கல்லூரிக் கல்வித் துறையின் தனித் தளத்தில் வரும்.

ஒரு தளத்தில் போட்டால் மற்றவற்றிலும் தானாகச் சேர்ந்துவிடாது. "நான்தான் அக்ஷயாவில் (இ-சேவை மையம்) கொடுத்துட்டேனே" என்று சொல்லும் பிள்ளையிடம் எந்தத் தளத்தில் கொடுத்தாய் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. விண்ணப்ப எண் உள்ள தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்க தமிழ் ஆளுங்க, ஆனா கேரளா. எந்த கவர்மெண்டு எங்களுக்குத் தரும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு திட்டமும் உங்களை ஏதாவது ஒரு கணக்கில்தான் பிடிக்கும். ஒன்று, உங்கள் குடும்பத்தின் சொந்த மாநிலம். இரண்டு, நீங்கள் படித்த பள்ளி அல்லது பிளஸ் டூ எழுதிய போர்டு. மூன்று, இப்போது படிக்கும் கல்லூரி இருக்கும் இடம். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பது நான் பார்த்த எந்தப் பெரிய திட்டத்திலும் கணக்கில் வருவதில்லை.

எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையைச் சொந்த மாநிலம்தான் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு இடங்களை போர்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். கேரள போர்டில் எழுதிவிட்டுப் பொள்ளாச்சியில் பி.எஸ்சி. படித்தாலும் நீங்கள் கேரளக் கணக்கு. கேரள உயர்கல்வி கவுன்சிலின் உதவித்தொகை மூன்றாவது வகை. கேரளத்தில் உள்ள அரசு, உதவி பெறும் கல்லூரியில் படித்தால்தான் அது உண்டு. கோவைக்குப் போனால் போயிற்று. எல்லையோரப் பிள்ளைகளுக்கு வரும் 'ரிஜெக்ட்'களில் நான் பார்த்தவரை மார்க் குறைவால் வந்தவை கொஞ்சம்தான். கணக்கு மாறிப் போட்டதால் வந்தவையே அதிகம்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்ல மாசம் ஆயிரம் ரூபா எங்களுக்கும் வருமா?

கேரளப் பள்ளியில் படித்தவர்களுக்கு வராது. தமிழ்நாடு அரசு மாணவிகளுக்காக 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்காக 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் பள்ளியைத்தான் பார்க்கின்றன. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். கேரளத்தில் தமிழ் மீடியம் படித்தது இதற்கு உதவாது. வருத்தம்தான், ஆனால் விதி அப்படி.

எஸ்டேட் குடும்பங்களில் வேறொரு வழக்கம் உண்டு. ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையைப் போடியிலோ கம்பத்திலோ பாட்டி வீட்டில் விட்டு அங்கேயே பள்ளியில் சேர்ப்பார்கள். அப்படிப் படித்து அந்தப் பக்கமே கல்லூரியில் சேர்ந்த பெண், அப்பா அம்மா கேரளத்தில் இருக்கிறார்கள் என்பதற்காகப் பேசாமல் இருந்துவிட வேண்டாம். கல்லூரி அலுவலகத்தில் புதுமைப் பெண் விண்ணப்பத்தைக் கேட்டுப் பாருங்கள்.

தமிழ் மைனாரிட்டின்னு சொல்றாங்களே, அப்ப மைனாரிட்டி ஸ்காலர்ஷிப் போடலாம்ல?

போடக் கூடாது. கேரளத்தில் தமிழர்கள் மொழிச் சிறுபான்மை. 'மைனாரிட்டி ஸ்காலர்ஷிப்' என்று வருபவை மதச் சிறுபான்மையினருக்கு, அதாவது முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி ஆகியோருக்கு. தமிழ் பேசும் இந்து மாணவர் அதில் விண்ணப்பித்தால் தள்ளுபடி ஆகும். அந்த ஆண்டுக்கு வேறு திட்டத்தில் போடும் வாய்ப்பும் பல சமயம் கைநழுவும்.

தமிழ் பேசும் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் மைனாரிட்டி ஸ்காலர்ஷிப் போடலாம். கேரளச் சிறுபான்மை நலத் துறையின் சி.எச். முகமது கோயா உதவித்தொகையை முஸ்லிம், லத்தீன் கிறிஸ்தவ, மதம் மாறிய கிறிஸ்தவ மாணவிகள் தவறாமல் பார்க்க வேண்டும். மொழிச் சிறுபான்மை என்ற தகுதி வேறு இடங்களில் பயன்படும். கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தில் (பி.எஸ்.சி.) தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கிளார்க் பணியிடங்கள் வருவது அதில் ஒன்று.

நல்ல மார்க் இருக்கு, ஜாதி சலுகை எதுவும் இல்ல. எனக்கு என்ன இருக்கு?

முதலில் மத்திய அரசின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகை. உங்கள் போர்டில் மேல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000. நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள், பாதி பெண்களுக்கு. தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேண்டும்.

இரண்டாவது, மேலே சொன்ன கேரள உயர்கல்வி கவுன்சிலின் உதவித்தொகை. ஆண்டுக்கு 1,000 பேரைத்தான் எடுப்பார்கள். ஆனால் தொகை ஏறிக்கொண்டே போகும்: டிகிரியில் 12,000, 18,000, 24,000, பி.ஜி.யில் 40,000, 60,000. இவ்வளவு நல்ல திட்டத்துக்கு நம் பக்கத்திலிருந்து போடுபவர்கள் கையளவே. கலை, அறிவியல், வணிகவியல் படிப்பவர்கள் விட்டுவிடாதீர்கள். டிகிரி முடித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) முதுகலை உதவித்தொகையும் உண்டு. மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம்.

ரெண்டு மூணு ஸ்காலர்ஷிப் சேத்து வாங்கலாமா?

அநேகமாக முடியாது. மேலே சொன்ன மத்திய அரசின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகையை வாங்குபவர், மாநில அரசின் கட்டணச் சலுகை உட்பட வேறு எதையும் வாங்கக் கூடாது. விண்ணப்பிப்பதில் தவறில்லை. இரண்டும் கிடைத்தால் ஒன்றை எழுத்து மூலம் விட்டுவிட வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும்போது தொகையை மட்டும் பார்க்காதீர்கள். இ-கிராண்ட்ஸில் கட்டணமும் ஹாஸ்டலும் சேர்ந்து வருவதால் எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதுவே லாபம்.

வருமான சர்டிபிகேட்ல எவ்வளவு இருக்கணும்? அப்பா அம்மா ரெண்டு பேரும் எஸ்டேட்ல வேலை.

இரண்டு சம்பளமும் கூட்டித்தான் எழுதுவார்கள். எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக்குக்கும் ஓ.பி.சி.க்கான மத்தியத் திட்டத்துக்கும் வரம்பு 2.5 லட்சம். இருவரும் நிரந்தரத் தொழிலாளர்களாக இருந்தால் அதைத் தாண்டிவிடுவது உண்டு. தாண்டினாலும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கேரள அரசின் உதவி உண்டு, ஆகவே விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். ஓ.பி.சி. மாணவர்கள் மேலே சொன்ன, 4.5 லட்சம் வரம்புள்ள மத்திய அரசுத் திட்டத்தைப் பார்க்கலாம்.

சான்றிதழுக்கு அக்ஷயா வழியாக இ-டிஸ்ட்ரிக்ட் தளத்தில் போட வேண்டும், வில்லேஜ் ஆபீஸில் பார்த்துத் தருவார்கள். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வாங்கிவிட்டால் ஜூலை மழையில் மலை இறங்கி அலைய வேண்டாம்.

பேர் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இல்ல. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைத்துத்தான் பலருக்கும் மாட்டிக்கொள்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'செல்வி எம்.', ஆதாரில் 'செல்வி முருகன்', பாஸ்புக்கில் 'எம். ஷெல்வி' என்று இருக்கும். நாம் அப்பா பெயரை இனிஷியலாக வைப்போம், ஆதார் எடுத்தவர் அதை விரித்துப் போட்டிருப்பார், மலையாளத்தில் இருக்கும் ரேஷன் கார்டைப் பார்த்து பேங்க்காரர் ஒரு 'ஷ'வைச் சேர்த்திருப்பார். மனிதர்களுக்கு மூன்றும் ஒரே பெண். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

எஸ்.எஸ்.எல்.சி. பெயரை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், பிறகு ஆதாரை வைத்து பேங்கைத் திருத்துங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் எஸ்.எஸ்.எல்.சி.யைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

ஓ.டி.ஆர். ஓ.டி.ஆர்.னு கேக்குறாங்க, அது என்ன?

தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒரே ஒரு முறை செய்யும் பதிவு. 14 இலக்க எண் கிடைக்கும். படிப்பு முடியும்வரை அதே எண்தான். முகத்தை போன் கேமராவில் காட்டி ஆதாரோடு சரிபார்க்க வேண்டும், அதற்கு இரண்டு ஆப் இறக்க வேண்டியிருக்கும். லயத்தில் (எஸ்டேட் குடியிருப்பில்) நெட் விட்டுவிட்டு வரும் இடங்களில் இதைச் செய்ய உட்காராதீர்கள், பாதியில் நின்று போய் வெறுப்புதான் மிஞ்சும். டவுனுக்கு வரும் நாளில் செய்துகொள்ளுங்கள்.

சப்மிட் பண்ணியாச்சு. இனி பணம் வர்றதுதானே?

இல்லை, பாதிதான் ஆகியிருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தைக் கல்லூரியில் அதற்கென நியமித்த நோடல் ஆசிரியர் திறந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்கும் கடைசித் தேதி உண்டு. அதன் பிறகு மாவட்டமோ மாநிலமோ பார்க்கும். கல்லூரி ஒப்புதல் தராமலே தேதி முடிந்துவிட்டால், உங்கள் மேல் தப்பே இல்லாவிட்டாலும் அந்த ஆண்டு போய்விடும். அச்செடுத்த விண்ணப்பத்தையும் சான்றிதழ்களையும் அலுவலகத்தில் கொடுத்ததோடு நிற்காமல், ஒரு வாரம் கழித்துத் தளத்தில் நிலவரத்தைப் பாருங்கள். 'டிஃபெக்ட்' என்று காட்டினால் பயப்பட வேண்டாம், திருத்தித் திரும்ப அனுப்பச் சொல்கிறார்கள் என்று பொருள்.

சாங்ஷன் ஆயிருச்சுன்னு காட்டுது, அக்கவுண்ட்ல ஒண்ணும் இல்லையே?

நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் பணம் வராமல், ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குப் போயிருக்கலாம். கூட்டுறவு பேங்கில் ஒரு கணக்கு, பள்ளியில் படிக்கும்போது ஆரம்பித்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு, போன் கடைக்காரர் சிம்மோடு ஆரம்பித்துக் கொடுத்த பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கு என்று நான்கைந்து இருந்தால் மூன்றாவதில் பணம் தூங்கிக்கொண்டிருக்கும். ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த பேங்க் என்று தெரிந்துவிடும். அங்கேயும் இல்லையென்றால் இந்தப் பக்கத்தின் கடைசிக் கேள்விக்குப் போங்கள்.

தாத்தா திருநெல்வேலியிலேர்ந்து வந்தவர். எங்களுக்கு எஸ்.சி. சர்டிபிகேட் தர மாட்டேங்குறாங்க. என்ன பண்றது?

தோட்டப் பகுதியில் அதிகம் கண்ணீர் வரவழைக்கும் விஷயம் இது. எஸ்.சி. பட்டியலைக் குடியரசுத் தலைவர் ஆணை மூலம் வெளியிட்ட நாள் 10 ஆகஸ்ட் 1950. உங்கள் குடும்பம் அந்த நாளிலோ அதற்கு முன்போ இன்றைய கேரளப் பகுதியில் குடியிருந்தது என்று காட்ட முடிந்தால், கேரளப் பட்டியலில் உங்கள் சாதி இருந்தால், நீங்கள் கேரள எஸ்.சி. அதற்குப் பின் வந்த குடும்பம் என்றால் சாதி மாறிவிடாது, ஆனால் சலுகை உரிமை தமிழ்நாட்டுக் கணக்கில் இருக்கும். மாநில எல்லையை மாற்றியதால் வேறு மாநிலத்துக்குள் வந்தவர்களுக்கு இது பொருந்தாது. 1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. அங்கே பரம்பரையாக இருப்பவர்கள் குடியேறியவர்கள் அல்ல.

ஆதாரம் என்ன காட்டுவது? தாத்தாவின் எஸ்டேட் வேலைப் பதிவு, எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பிறப்புப் பதிவு, எஸ்டேட் பள்ளியின் அட்மிஷன் ரிஜிஸ்டர், பழைய வாக்காளர் பட்டியல். கம்பெனி கை மாறிய தோட்டங்களில் பழைய பேரேடுகள் மேனேஜர் ஆபீஸ் அலமாரியில் கறையான் அரித்தபடி கிடக்கும். கேட்டால் இல்லை என்பார்கள். யூனியன்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டால் சில சமயம் கிடைக்கும். தாத்தாவின் உடன்பிறந்தவர்கள் பிள்ளைகளில் யாருக்காவது ஏற்கெனவே சான்றிதழ் கிடைத்திருந்தால் அந்த நகல் பெரிய பலம்.

1950-க்குப் பின் வந்த குடும்பம்தான் என்று தெரிந்தால், அப்பா அல்லது தாத்தாவின் தமிழ்நாட்டுச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக் குடியேறியவர்களுக்கான படிவத்தில் சான்றிதழ் கேளுங்கள். கேரள இடஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. மத்திய அரசின் ஃபெல்லோஷிப், மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு உதவும். கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்கள் எஸ்.சி. கணக்கில் வர மாட்டார்கள், ஓ.இ.சி. பிரிவில் இ-கிராண்ட்ஸ் கிடைக்குமா என்று பாருங்கள்.

மனு, புகார் எல்லாம் தமிழ்ல எழுதிக் குடுத்தா வாங்குவாங்களா?

வாங்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். ஆனால் உதவித்தொகைத் தளங்களில் தமிழ் இல்லை. அவசரமான விஷயத்துக்குத் தமிழ் மனுவோடு ஒரு மலையாளப் பிரதியும் வைத்துக் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும். உரிமைக்காக வாதாடுகிற நாளும் பணத்துக்காக அலைகிற நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

காலேஜ்ல மலையாளத்துலயே நடத்துறாங்க, ஃபர்ஸ்ட் செமஸ்டர்லயே அரியர். விட்ரலாமான்னு இருக்கு.

விட வேண்டாம். கேரள அரசுக் கல்லூரிகளில் 'ஸ்காலர் சப்போர்ட் புரோகிராம்' என்று பின்தங்கும் மாணவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. நன்றாகப் படிப்பவர்களுக்கு வழிகாட்ட 'வாக் வித் எ ஸ்காலர்' இருக்கிறது. இரண்டுக்கும் டியூட்டரிடம் பெயர் கொடுக்க வேண்டும், தானாகக் கூப்பிட மாட்டார்கள். மனசு சரியில்லை என்றால் 'ஜீவனி' திட்டத்தில் கல்லூரிக்கு வரும் கவுன்சிலரைப் பாருங்கள், அல்லது 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். ராகிங் என்றால் 1800-180-5522. தமிழர் என்பதால் 'பாண்டி' என்று கூப்பிட்டுத் தொடர்ந்து கேலி செய்வதும் ராகிங்தான், சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

டிகிரி படிக்கிறப்பவே ரிசர்ச் பண்ண முடியுமா? எங்க காலேஜ்ல லேப்பே சரியில்ல.

முடியும். பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ் (அலகாபாத்) நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஃபெல்லோஷிப்பில், நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் உதவித்தொகையோடு வேலை பார்க்கலாம். இதற்கு முந்தைய ஆண்டின் இறுதிக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரலில் நினைத்துக்கொண்டால் பயனில்லை. ஏன் இந்த ஆய்வு என்று நீங்கள் எழுதும் அரைப்பக்கமும் ஆசிரியரின் பரிந்துரையும்தான் அதில் எடுபடும்.

சம்பளம் இல்லாவிட்டாலும் ப்ராஜெக்ட்டுக்கு நல்ல இடங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஏலக்காய்க்கு மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம், காட்டுக்குப் பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், பாலக்காட்டுக்காரர்களுக்குக் கஞ்சிக்கோட்டில் ஐ.ஐ.டி. துறைத் தலைவரின் கடிதத்தோடு நேரில் போனால் மெயிலை விட வேகம்.

எம்.ஏ. தமிழ் முடிச்சேன். பிஎச்.டி. பண்ணா மாசா மாசம் பணம் வருமா?

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டு. தமிழ்ப் பாடத்துக்கும் நெட் உண்டு. ஆண்டுக்கு இரண்டு தடவை, 150 கேள்வி, நெகட்டிவ் மார்க் இல்லை. ஆனால் எல்லாருக்கும் பொதுவான முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்த பிள்ளைகள் தொல்காப்பியத்தில் விழுவதில்லை, அந்த முதல் தாளில்தான் விழுகிறார்கள். ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. எஸ்.சி., ஓ.பி.சி. பிரிவினருக்கான தேசிய ஃபெல்லோஷிப்களுக்கும் இந்தத் தேர்வின் பக்கம் வந்தாக வேண்டும். வீட்டுக்கு ஒரே பிள்ளையான பெண் என்றால் சாவித்ரிபாய் பூலே பெயரில் யு.ஜி.சி. தருவதையும் பாருங்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப் 2022-இல் நின்றுவிட்டது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தலைப்பு பற்றி ஒரு வார்த்தை. சங்க இலக்கியத்தில் ஆயிரம் பேர் செய்துவிட்ட தலைப்பையே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 2015-இல் மூணாறில் தோட்டப் பெண்கள் நடத்திய 'பெம்பிளை ஒருமை' போராட்டத்தின் பேச்சும் முழக்கமும், லயங்களில் பாடும் ஒப்பாரி, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகத்தில் உள்ள தமிழ் ஏடுகள் எல்லாம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில். வெளியூர் ஆய்வாளர் இவற்றுக்காக லாட்ஜில் ரூம் போட்டுத் தங்க வேண்டும்.

ரெண்டு வருஷமா ஒரு ரூபா வரல. யாரைக் கேக்கணும்?

முதலில் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்: கல்லூரியா, துறை அலுவலகமா, கருவூலமா, பேங்கா. வாய்வார்த்தையாகக் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள (பி.பி.எல்.) குடும்பத்துக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.

"ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு "நிதி வந்ததும் தரப்படும்" என்று ஒரு வரி வரும். என் விண்ணப்பத்தைக் கல்லூரி எந்தத் தேதியில் அனுப்பியது, எந்தத் தேதியில் பில் போட்டார்கள், எந்த பேங்கின் எந்தக் கணக்குக்கு (கடைசி நான்கு எண் போதும்) அனுப்பினார்கள், திரும்பி வந்திருந்தால் என்ன காரணம், என்று தனித்தனியாக நம்பர் போட்டுக் கேளுங்கள். விண்ணப்ப எண் உள்ள அந்தத் தாளின் நகலையும் இணைத்துவிடுங்கள்.